எச்.எம்.எஸ். கான்கரர்: பெல்கிரானோவை மூழ்கடித்த அணுசக்தி நீர்மூழ்கி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென் அட்லாண்டிக்கில் உள்ள ஃபாக்லாந்து தீவுகளுக்காக 1982இல் நடந்த போரில் பிரிட்டனின் கான்கரர் நீர்மூழ்கி, அர்ஜென்டினாவின் ஜெனரல் பெல்கிரானோ என்ற போர்க்கப்பலை மூழ்கடித்தது. 323 பேர் இறந்தார்கள். நாற்பது ஆண்டுகள் தாண்டியும் அந்த ஒரு மாலையைப் பற்றிய சண்டை ஓயவில்லை. அந்தச் சண்டையில் இரண்டு வெவ்வேறு கேள்விகளைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள் என்பது என் கருத்து. சுட்டது சரியா என்பது ஒன்று. சுட்டதைப் பற்றி அரசாங்கம் சொன்னது உண்மையா என்பது வேறொன்று. கீழே உள்ள பதில்களில் இரண்டையும் தனித்தனியாகவே வைத்திருக்கிறேன்.

கான்கரர் எப்படிப்பட்ட கப்பல்?

சர்ச்சில் வகுப்பைச் சேர்ந்த தாக்குதல் நீர்மூழ்கி. அந்த வகுப்பில் மொத்தமே மூன்று கப்பல்கள்தான்: சர்ச்சில், கான்கரர், கரேஜியஸ். லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் உள்ள பர்க்கன்ஹெட் நகரில், கேமல் லேர்ட் கப்பல் தளத்தில் கான்கரரைக் கட்டினார்கள். 1967 டிசம்பரில் வேலை தொடங்கியது. 1969 ஆகஸ்டில் தண்ணீரில் இறங்கியது. 1971 நவம்பர் 9 அன்று கடற்படையில் சேர்ந்தது.

நீளம் ஏறக்குறைய 87 மீட்டர். மூழ்கிய நிலையில் எடை சுமார் 4,900 டன். நூற்றுச் சொச்சம் பேர் உள்ளே இருப்பார்கள். முன்பக்கம் டார்பிடோ என்ற நீரடிக் குண்டுகளை ஏவும் ஆறு குழாய்கள். தண்ணீருக்கு அடியில் மணிக்கு 28 கடல் மைல், அதாவது ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான வேகம்.

அணுசக்தி நீர்மூழ்கி என்றால் அதில் அணுகுண்டு இருந்ததா?

இல்லை. பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். கான்கரரில் அணுசக்தி இருந்தது எஞ்சின் பக்கம்தான். அணு உலையின் சூட்டில் நீராவி உண்டாகும், அந்த நீராவி டர்பைனைச் சுழற்றும், டர்பைன் கப்பலைத் தள்ளும் உந்தியைச் சுழற்றும். ஆயுதம் எல்லாம் சாதாரண வெடிமருந்து நிரப்பிய டார்பிடோக்கள். அணு ஏவுகணைகளைச் சுமந்து கடலில் ஒளிந்திருக்கும் பெரிய நீர்மூழ்கிகள் தனி ரகம். அவற்றின் வேலை கண்ணில் படாமல் காத்திருப்பது. கான்கரர் போன்றவற்றின் வேலை தேடிப் போவது.

டீசல் நீர்மூழ்கியைவிட இதில் என்ன பெரிய வசதி?

டீசல் நீர்மூழ்கி நீருக்கடியில் பேட்டரியில்தான் ஓடும். சார்ஜ் இறங்கினால் மேலே வந்து காற்று இழுத்து எஞ்சினை ஓட்டியாக வேண்டும். அடியில் வேகமாகப் போனால் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும். அணு உலைக்கு ஆக்ஸிஜன் தேவையில்லை. உள்ளே இருக்கும் மனிதர்களுக்கு வேண்டிய காற்றையும் குடிநீரையும் கப்பலே தயாரித்துக்கொள்ளும். சாப்பாடு தீரும்வரை அடியிலேயே இருக்கலாம்.

ஃபாக்லாந்தில் இது கண்கூடாகத் தெரிந்தது. ஏப்ரல் தொடக்கத்தில் கிளம்பிய கான்கரர் அதே மாதத்திலேயே, ஃபாக்லாந்துக்குக் கிழக்கே உள்ள தெற்கு ஜார்ஜியா தீவை எட்டிவிட்டது. ஏப்ரல் இறுதியில் கிளம்பிய ஆனிக்ஸ் என்ற டீசல் நீர்மூழ்கி போர்க்களத்துக்கு வந்து சேர மே மாத இறுதி ஆகிவிட்டது.

1982க்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தது?

பனிப்போர் வேலை. ஸ்காட்லாந்தின் ஃபாஸ்லேன் தளத்திலிருந்து கிளம்பி வட அட்லாண்டிக்கிலும் அதற்கு வடக்கிலும் சோவியத் கப்பல்களையும் நீர்மூழ்கிகளையும் பின்தொடர்வது, அவற்றின் ஒலியைப் பதிவு செய்வது, பிடிபடாமல் திரும்புவது. பல வாரங்கள் பின்னால் போய்விட்டு, வந்த தடம் தெரியாமல் வீடு திரும்பினால் அதுதான் வெற்றி. அந்த ரோந்துகளைப் பற்றி வெளியே வந்த தகவல் மிகக் குறைவு.

ஃபாக்லாந்துக்கு எப்படிப் போனது?

1982 ஏப்ரல் 2 அன்று அர்ஜென்டினா ஃபாக்லாந்து தீவுகளைக் கைப்பற்றியது. அவர்களுக்கு அவை மால்வினாஸ் தீவுகள், தங்கள் மண். இரண்டே நாளில், ஏப்ரல் 4 அன்று, கான்கரர் ஃபாஸ்லேனை விட்டுக் கிளம்பியது. அதன் கேப்டன், கமாண்டர் பதவியில் இருந்த கிறிஸ்டோபர் ரெஃபர்டு-பிரவுன். அந்தக் கப்பலின் பொறுப்பை ஏற்று அவருக்கு அதிக நாள் ஆகியிருக்கவில்லை.

கூடவே எஸ்.பி.எஸ். என்ற கடற்படைச் சிறப்புப் படை வீரர்களும் ஏறினார்கள். ஏற்கெனவே நெருக்கடியான கப்பலில் இவர்களுக்கும் இவர்களுடைய படகு, ஆயுத மூட்டைகளுக்கும் இடம் ஒதுக்க வேண்டியிருந்தது. அர்ஜென்டினா பிடித்திருந்த தெற்கு ஜார்ஜியாவைத் திரும்பப் பிடிக்கும் நடவடிக்கைக்காக அவர்களைக் கொண்டுபோய்ச் சேர்த்த பிறகு, கான்கரர் அந்தத் தீவைச் சுற்றிக் காவல் இருந்தது. ஏப்ரல் 25 அன்று தீவு பிரிட்டன் கைக்கு வந்தது. அப்புறம்தான் மேற்கே, ஃபாக்லாந்துக்குத் தென்மேற்கில் உள்ள கடலுக்கு அனுப்பினார்கள். வடக்கே ஸ்பார்ட்டன், ஸ்பிளெண்டிட் என்ற இரண்டு அணுசக்தி நீர்மூழ்கிகள் அர்ஜென்டினாவின் விமானந்தாங்கிக் கப்பலைத் தேடிக்கொண்டிருந்தன.

பெல்கிரானோ பழைய கப்பல்தானே? அதனால் என்ன ஆபத்து வந்துவிடும்?

பழையதுதான். 1938இல் அமெரிக்காவில் நீரில் இறங்கியபோது அதன் பெயர் ஃபீனிக்ஸ். 1941இல் பேர்ல் ஹார்பர் துறைமுகத்தை ஜப்பான் குண்டு வீசித் தாக்கியபோது அங்கே நின்றிருந்து, சேதமில்லாமல் தப்பிய கப்பல். 1951இல் அர்ஜென்டினாவுக்கு விற்றார்கள். 1956இல், விடுதலைப் போர்த் தளபதி மனுவேல் பெல்கிரானோவின் பெயரைச் சூட்டினார்கள்.

வயது வேறு, வலிமை வேறு. அதில் ஆறு அங்குல பீரங்கிகள் 15 இருந்தன. கூடவே வந்த பியெத்ரா புவெனா, இப்போலிட்டோ புச்சார் என்ற இரண்டு நாசகாரிக் கப்பல்களில், கப்பலைத் தாக்கும் எக்ஸோசெட் ஏவுகணைகள் இருந்தன. எக்ஸோசெட் என்ன செய்யும் என்பதை மே 4 அன்று பிரிட்டன் பார்த்தது. விமானத்திலிருந்து வந்த ஒன்றே ஷெஃபீல்ட் கப்பலை எரித்து 20 பேரைக் கொன்றது. வடக்கிலிருந்து விமானந்தாங்கி, தெற்கிலிருந்து பெல்கிரானோ அணி என்று இருபுறமும் நெருக்கினால் தன் கப்பல்கள் நடுவில் மாட்டிக்கொள்ளும் என்று பிரிட்டிஷ் படையணித் தளபதி ரியர் அட்மிரல் சாண்டி உட்வர்டு பயந்தார். அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது.

கான்கரர் அதை எப்படிக் கண்டுபிடித்தது?

காதால். ஏப்ரல் 30 அன்று, நீருக்கடியில் ஒலியைக் கேட்கும் கருவியான சோனாரில் தூரத்துக் கப்பல்களின் ஒலி கேட்டது. ஒலி வந்த திசையில் போய், மே 1 அன்று, நீர்மட்டத்துக்கு மேலே பார்க்க உதவும் பெரிஸ்கோப்பை உயர்த்திப் பார்த்தபோது பெல்கிரானோவும் துணைக் கப்பல்களும் ஓர் எண்ணெய்க் கப்பலிலிருந்து எரிபொருள் நிரப்பிக்கொண்டிருந்தன. சுட அனுமதி இல்லை. எனவே பின்தொடர்ந்தார்கள், ஒரு நாளுக்கும் மேலாக.

பின்தொடர்வது என்பது ஒரே சீராகப் பின்னால் போவது அல்ல. ஆழத்தில் வேகமாகப் போனால் தன் சத்தத்திலேயே சோனார் செவிடாகிவிடும். எதிரி எங்கே என்று தெரியாது. மேலே வந்து பெரிஸ்கோப்பில் பார்க்க வேண்டுமானால் வேகத்தைக் குறைக்க வேண்டும், அதற்குள் எதிரி முன்னே போய்விடுவான். எனவே ஆழத்தில் ஒரு ஓட்டம், மேலே வந்து சில நிமிடம் ஒரு பார்வை, மறுபடி இறங்கி ஒரு ஓட்டம். ஒவ்வொரு முறை இறங்கும்போதும் அடுத்த தடவை அந்தக் கப்பல் எங்கே இருக்கும் என்பதைக் கேப்டன் மனக்கணக்கில் வைத்திருக்க வேண்டும். பிரிட்டனில் நீர்மூழ்கிக் கேப்டன் ஆவதற்கு ஒரு பயிற்சித் தேர்வு உண்டு. அதில் தோற்றவர் பிறகு நீர்மூழ்கியில் பணியாற்றவே முடியாது. அவ்வளவு கடுமை ஏன் என்பது இதைப் பார்த்தால் புரிகிறது.

சுடச் சொன்னது யார்? கேப்டனா, உட்வர்டா, பிரதமர் தாட்சரா?

பிரிட்டன் ஃபாக்லாந்தைச் சுற்றி 200 கடல் மைல் ஆரத்துக்கு ஒரு விலக்கு வளையம் அறிவித்திருந்தது. அதற்குள் வரும் கப்பல்களைச் சுடலாம். பெல்கிரானோ அந்த வளையத்துக்கு வெளியே இருந்தது. எனவே கேப்டன் தானாகச் சுட முடியாது.

உட்வர்டுக்கும் நீர்மூழ்கிகள் மேல் நேரடி அதிகாரம் இல்லை. அவற்றை லண்டனுக்கு அருகே உள்ள நார்த்வுட் தலைமையகம் நடத்தியது. தீவுகளுக்குத் தெற்கே பர்டுவுட் திட்டு என்ற ஆழம் குறைந்த பகுதி இருக்கிறது. அதன் மேல் பெல்கிரானோ போய்விட்டால் கான்கரரால் வேகமாகப் பின்தொடர முடியாது, தவறவிட்டுவிடுவோம் என்று உட்வர்டு நினைத்தார். மே 2 அதிகாலையில், தன் அதிகாரத்தை மீறி, தாக்கு என்று கான்கரருக்கே நேராகச் செயற்கைக்கோள் வழியே உத்தரவு அனுப்பினார். நார்த்வுட் அதைக் கான்கரருக்குப் போகவிடாமல் நீக்கியது. ஆனால் அவர் எதிர்பார்த்தது நடந்தது. விஷயம் மேலே போனது.

அன்று மதியம், பிரதமரின் கிராமத்து மாளிகையான செக்கர்ஸில் கூடிய போர் அமைச்சரவை விதியை மாற்றியது. வளையத்துக்கு வெளியே இருந்தாலும் அர்ஜென்டினப் போர்க்கப்பலைத் தாக்கலாம். முடிவு தாட்சருடையதும் அவருடைய அமைச்சர்களுடையதும். கான்கரரின் செய்தி வாங்கும் ஆன்டெனாக் கம்பத்தில் கோளாறு இருந்ததால், அந்த உத்தரவு தெளிவாக வந்து சேரவே சில மணி நேரம் இழுத்தது.

புதிய டார்பிடோ இருந்தும் பழையதை ஏன் பயன்படுத்தினார்கள்?

கான்கரரில் டைகர்ஃபிஷ் என்ற புதிய ரகம் இருந்தது. கம்பி வழியே வழிகாட்டி, இலக்கைத் தேடிப் போகவைக்கலாம். ஆனால் அது சரியாக வேலை செய்யும் என்ற நம்பிக்கை யாருக்கும் முழுதாக இல்லை. மார்க் 8 என்பது இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய வடிவமைப்பு, நேராக மட்டும் ஓடும். கிட்டே போய்ச் சுட வேண்டும், ஆனால் பட்டால் பெரிய வெடி. தடிமனான கவசம் போட்ட பழைய போர்க்கப்பலுக்கு அதுவே பொருத்தம் என்று ரெஃபர்டு-பிரவுன் முடிவு செய்தார்.

மே 2 மாலை என்ன நடந்தது?

உள்ளூர் நேரம் மாலை நான்கு மணி. கடல் கொந்தளிப்பு, குளிர், மங்கிய வெளிச்சம். இரண்டு துணைக் கப்பல்களும் பெல்கிரானோவின் வலப்பக்கம். கான்கரர் இடப்பக்கமாக ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்துக்கு வந்து மூன்று மார்க் 8 டார்பிடோக்களைச் செலுத்தியது.

ஒன்று முன்பக்கம் பட்டு மூக்குப் பகுதியையே பிய்த்தெறிந்தது. இன்னொன்று பின்புற எஞ்சின் அறை பக்கம் வெடித்தது. அதுதான் பெரும்பாலான உயிர்களை வாங்கியது. வெடி மேல்நோக்கிக் கிழித்துக்கொண்டு போய், மாலுமிகள் சாப்பிடும் இடத்தையும் ஓய்வெடுக்கும் இடத்தையும் தாக்கியது. மின்சாரம் நின்றது. தண்ணீரை இறைக்கப் பம்புகள் ஓடவில்லை, அபாய அறிவிப்பும் கொடுக்க முடியவில்லை. புகை நிரம்பிய இருட்டில் தடவித் தடவி மேலே வந்தார்கள். ஏறக்குறைய இருபது நிமிடத்தில் கேப்டன் எக்டோர் போன்சோ கப்பலை விட்டு வெளியேற உத்தரவிட்டார். ஒரு மணி நேரத்துக்குள் கப்பல் மூழ்கியது.

காற்றடைத்த மிதவைகளில் ஏறியவர்களின் பாடு அதற்குப் பிறகுதான் தொடங்கியது. துணைக் கப்பல்களுக்கு முதலில் என்ன நடந்தது என்றே தெரியவில்லை, அவை தொடர்ந்து போய்விட்டன. இரவில் புயல். ஆள் நிறைந்த மிதவைகளில் ஒருவர் உடல் சூட்டில் இன்னொருவர் பிழைத்தார்கள். ஓரிருவர் மட்டும் இருந்த மிதவைகளில் குளிரே கொன்றது. தேடல் மே 5 வரை நீடித்தது. சிலி நாட்டுக் கப்பல் ஒன்றும் வந்து உதவியது. கப்பலில் இருந்தவர்கள் 1,093 பேர். அவர்களில் 323 பேர் இறந்தார்கள். அந்தப் போரில் அர்ஜென்டினா இழந்த 649 உயிர்களில் ஏறக்குறைய பாதி இந்த ஒரே கப்பலில். இறந்தவர்களில் பலர் கட்டாய ராணுவ சேவைக்கு வந்த இளைஞர்கள்.

அணுசக்தி நீர்மூழ்கி ஒன்று போரில் எதிரிக் கப்பலை டார்பிடோவால் மூழ்கடித்தது வரலாற்றில் அதுதான் முதல் தடவை.

தண்ணீரில் கிடந்தவர்களை கான்கரர் ஏன் காப்பாற்றவில்லை?

மேலே வந்திருந்தால் இரண்டு நாசகாரிக் கப்பல்களுக்கு நடுவே வந்திருக்கும். சுட்டதும் ஆழத்தில் இறங்கி விலகிப் போனது. உள்ளே இருந்தவர்களுக்கு வெடியோசைகள் கேட்டன, தங்களை நோக்கி ஆழ்நீர்க் குண்டுகள் வீசுகிறார்கள் என்று நினைத்தார்கள். நூறு பேரையும் ஓர் அணு உலையையும் வைத்துக்கொண்டு எந்தக் கேப்டனும் அங்கே நின்றிருக்க மாட்டார்.

வளையத்துக்கு வெளியே, திரும்பிப் போய்க்கொண்டிருந்த கப்பலைச் சுட்டது போர்க்குற்றம் அல்லவா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். இரண்டு உண்மைகளையும் முதலில் ஒப்புக்கொள்வோம். பெல்கிரானோ வளையத்துக்கு வெளியே, 35 கடல் மைல் தள்ளி இருந்தது. அன்று காலையே திசை மாற்றி மேற்கே, அர்ஜென்டினக் கரை பக்கம் போய்க்கொண்டிருந்தது. வடக்கே போதிய காற்று இல்லாமல் விமானந்தாங்கியிலிருந்து தாக்குதல் விமானங்கள் கிளம்ப முடியாமல் போனதால் அந்தத் தாக்குதலே கைவிடப்பட்டிருந்தது.

ஆனாலும் அது போர்க்குற்றம் இல்லை என்றே நினைக்கிறேன். விலக்கு வளையத்துக்கு வெளியே எதிரிப் போர்க்கப்பலுக்குப் பாதுகாப்பு உண்டு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வளையத்துக்கு வெளியே இருந்தாலும், அச்சுறுத்தலாக நெருங்கும் கப்பலுக்குத் தக்க பதில் கிடைக்கும் என்று ஏப்ரல் 23 அன்றே சுவிட்சர்லாந்து வழியாக பிரிட்டன் அர்ஜென்டினாவுக்குத் தெரிவித்திருந்தது. போகும் திசையும் பெரிய ஆதாரம் இல்லை. போர்க்கப்பல் ஒரு மணி நேரத்தில் மறுபடி திரும்பும். இதைச் சொன்னவர்களில் போன்சோவும் ஒருவர். தன் ஆட்களில் 323 பேரை இழந்த அவரே, தாக்குதல் சட்டவிரோதம் அல்ல என்று பின்னாளில் சொன்னார். 1994இல் அர்ஜென்டினப் பாதுகாப்பு அமைச்சகமும் அது போர்ச் செயல்தான் என்ற முடிவுக்கு வந்தது. இறந்தவர்களின் உறவினர்கள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். காலம் கடந்துவிட்டது என்று 2000இல் மனு தள்ளுபடியானது.

அப்படியானால் பிரிட்டிஷ் அரசு எதை மறைத்தது?

இங்கேதான் எனக்குக் கோபம். பாதுகாப்பு அமைச்சர் ஜான் நாட் மே 4 அன்று நாடாளுமன்றத்தில், பெல்கிரானோ பிரிட்டிஷ் கப்பல்களை நெருங்கிக்கொண்டிருந்தது என்றும், மே 2 அன்றுதான் கண்டறியப்பட்டது என்றும் சொன்னார். இரண்டும் தவறு. திசை மாறியதைக் கான்கரர் அறிவித்திருந்தது, செய்தி நார்த்வுட்டுக்கு வந்தும் சேர்ந்தது. அமைச்சர்களுக்கு உடனே போகவில்லை. பிறகு தெரிந்த பின்னும் திருத்தவில்லை, ஆண்டுக் கணக்கில் பழைய பாட்டையே பாடினார்கள்.

1983 மே மாதம், தேர்தல் நேரம். பிபிசி நேரலையில் டயானா கூல்ட் என்ற ஆசிரியை தாட்சரிடம் கேள்வி கேட்டார். பெல்கிரானோ 280 டிகிரி திசையில், ஃபாக்லாந்துக்கு ஏற்கெனவே மேற்கே இருந்து, இன்னும் மேற்கே போனது. பிறகு எப்படி நெருங்கியது என்கிறீர்கள்? தாட்சர் மழுப்பினார். கூல்ட் விடவில்லை, எண்ணைச் சொல்லிச் சொல்லிக் கேட்டார். நாடாளுமன்றம் முழுக்கச் செய்ய முடியாததை ஒரு பள்ளி ஆசிரியை சில நிமிடத்தில் செய்தார்.

1984இல் பாதுகாப்பு அமைச்சக அதிகாரி கிளைவ் பான்டிங், இது பற்றிய ஆவணங்களை டாம் டால்யெல் என்ற எம்.பி.க்கு அனுப்பினார். அரசு ரகசியச் சட்டத்தில் பான்டிங் மேல் வழக்கு. நீதிபதி கிட்டத்தட்ட தண்டிக்கச் சொல்லியே வழிகாட்டினார். 1985 பிப்ரவரியில் ஜூரிகள் அவரை விடுவித்தார்கள். பொதுநலம் என்று அவர் வாதிட்ட அந்த வழியை 1989இல் வந்த புதிய சட்டம் அடைத்தது.

பெரு நாட்டின் சமாதான முயற்சியைக் கெடுக்கத்தான் சுட்டார்களா?

அந்த நாட்களில் பெரு அதிபர் பெலாவுந்தே ஒரு சமரசத் திட்டத்தை முன்வைத்திருந்தது உண்மை. அதைக் குலைக்கவே உத்தரவு போனது என்பதற்கு வலுவான சான்று வெளிவரவில்லை. உத்தரவைத் தூண்டியது தென் அட்லாண்டிக்கில் இருந்த தளபதியின் அச்சம்.

மூழ்கடித்த பிறகு போரில் கான்கரர் என்ன செய்தது?

அதன் பிறகு அர்ஜென்டினாவின் கப்பல்கள் கரையோரமாகவே ஒதுங்கிவிட்டன. கான்கரர் காவலில் தொடர்ந்தது. மே மாதத்தின் பிற்பகுதியில், மிதக்கும் ஆன்டெனாக் கம்பி அறுந்து உந்தியில் சுற்றிக்கொண்டது. ஓடும்போதெல்லாம் சத்தம். சத்தம் போடும் நீர்மூழ்கி எதிரிக்குத் தன் இடத்தைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். கிரஹாம் லிபி என்ற மாலுமி, எதிரி விமானங்கள் வரக்கூடிய கடலில், மேலே வந்து நின்ற கப்பலிலிருந்து அலைக்குள் இறங்கி அந்தக் கம்பியை வெட்டி எடுத்தார். விமானம் தெரிந்தால் கப்பல் மூழ்கியாக வேண்டும், அவருக்காகக் காத்திருக்க முடியாது. அது தெரிந்தேதான் இறங்கினார். அவருக்கு வீரப் பதக்கம் கிடைத்தது. கான்கரர் என்றால் எல்லோரும் கேப்டனைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு இந்த மனிதர்தான் பெரிதாகத் தெரிகிறார்.

கடற்கொள்ளையர் கொடியோடு திரும்பியது உண்மையா?

உண்மை. 1982 ஜூலையில் மண்டையோட்டுக் கொடியைப் பறக்கவிட்டபடி ஃபாஸ்லேனுக்குள் வந்தது. பிரிட்டிஷ் நீர்மூழ்கிகளின் பழைய வழக்கம் அது. நீர்மூழ்கிக்காரர்கள் கடற்கொள்ளையருக்குச் சமம் என்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓர் அட்மிரல் இகழ்ந்தார். 1914இல் ஜெர்மன் கப்பலை மூழ்கடித்துத் திரும்பிய மேக்ஸ் ஹார்ட்டன் அந்தக் கொடியையே ஏற்றிவிட்டார். அன்றிலிருந்து வழக்கமானது. இறந்தவர்களை நினைத்தபோது பலருக்கு அந்தக் கொடி உறுத்தியது. எனக்கும் உறுத்துகிறது.

கான்கரரின் பதிவேடு எங்கே போனது?

1984இல் கான்கரரின் கட்டுப்பாட்டு அறைப் பதிவேடுகள் காணவில்லை என்று தெரியவந்தது. கப்பல் எப்போது எங்கே இருந்தது என்று எழுதிய ஏடுகள். பெல்கிரானோ விவகாரத்தை மூடத்தான் எடுத்தார்கள் என்று சந்தேகம் கிளம்பியது. இன்றுவரை அவை வெளிவரவில்லை. அடுத்த கேள்வியில் வரும் ரகசியத்தைக் காக்க எடுத்திருக்கலாம் என்ற ஊகமும் உண்டு.

ஆபரேஷன் பார்மெய்ட் என்றால் என்ன?

போரிலிருந்து திரும்பிய சில வாரங்களில், 1982 ஆகஸ்டில், கான்கரர் பேரன்ட்ஸ் கடலுக்குப் போனது. போலந்துக் கொடியோடு ஓர் உளவு மீன்பிடிக் கப்பல், சோவியத்தின் புதிய இழுவைச் சோனாரைப் பின்னால் நீண்ட வடமாக இழுத்துக்கொண்டிருந்தது. அந்த வடத்தையே திருடுவதுதான் வேலை. கான்கரரின் முன்பக்கத்தில் பெரிய இடுக்கிகளைப் பொருத்தியிருந்தார்கள். கேப்டன் அதே ரெஃபர்டு-பிரவுன். மேலே இருக்கும் கப்பலின் அடிவயிற்றுக்குச் சில மீட்டர் கீழே, அதற்குக் கேட்காமல் ஊர்ந்து வந்து, வடத்தைக் கவ்வி அறுத்தார்கள். சீராக வெட்டினால் சந்தேகம் வரும். பாறையில் சிக்கிப் பிய்ந்ததுபோல் தெரியும்படி அந்த இடுக்கிகள் கடித்து அறுத்தன. முப்பது ஆண்டுகள் வெளியே தெரியாமல் இருந்த கதை 2012இல்தான் வெளிவந்தது. ஒரு கப்பல் ஒரே ஆண்டில் இவ்வளவும் செய்திருக்கிறது.

எப்போது ஓய்வு பெற்றது? இப்போது எங்கே இருக்கிறது?

1988இல் வட அயர்லாந்துக் கரையருகே ஒரு பாய்மரப் படகோடு மோதி அதை மூழ்கடித்தது. படகில் இருந்தவர்கள் பிழைத்தார்கள். 1990 ஆகஸ்டில் பணி முடிந்தது. அணுசக்தி நீர்மூழ்கியைப் பழைய இரும்புக்கு உடனே போட முடியாது. கதிரியக்கம் ஏறிய உலைப் பகுதியை என்ன செய்வது என்ற கேள்வி பிரிட்டனை இன்னும் விட்டபாடில்லை. கான்கரரின் உடல் பிளிமத் நகரின் டெவன்போர்ட் தளத்தில், ஓய்வு பெற்ற மற்ற நீர்மூழ்கிகளோடு கட்டிவைக்கப்பட்டது.

பார்க்க விரும்புவோர் இங்கிலாந்தின் கோஸ்போர்ட்டில் உள்ள நீர்மூழ்கி அருங்காட்சியகத்துக்குப் போகலாம். பெரிஸ்கோப், கேப்டன் அறை, கட்டுப்பாட்டுப் பலகை எல்லாம் அங்கே இருக்கின்றன, அந்தக் கொடியும்தான். பெல்கிரானோ கப்பலின் சிதைவைத் தேடி 2003இல் ஒரு குழு போனது. மோசமான வானிலையில் எதுவும் கிடைக்காமல் திரும்பியது. அந்த இடத்தை அர்ஜென்டினா போர்க் கல்லறையாக அறிவித்திருக்கிறது. ஆண்டுதோறும் மே 2 அன்று அந்த 323 பேரையும் அர்ஜென்டினாவில் நினைவுகூர்கிறார்கள்.